கடைசி சைக்கிளின் மஞ்சள் பலகை

சேலையூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. எல்லோருக்கும் கார்டு அக்கா. தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகும் மின்சார ரயிலில், கடைசிப் பெட்டியின் வாசலில் நின்று கொடி காட்டுகிற வேலை. இப்போது அந்த வேலைக்கு வேறு ஏதோ கௌரவமான பெயர் வைத்துவிட்டார்களாம். வைத்துக்கொள்ளட்டும். எங்களுக்கு அவர் கார்டு அக்காதான்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான உருவம், அதைவிடக் குட்டையான தலைமுடி, இடுப்பில் சாவிக் கொத்து. அவரோடு யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் ஒரு கேள்வி வந்து விழும். "பாத்தியா, நெனச்சியா?"

முதல் தடவை அதை நான் வாங்கிக்கொண்டது ஒரு கோடைக்காலத்தில். தண்ணீர் லாரி வந்து போயிருந்தது. அந்த மாதம் அடுக்ககத்தின் செயலாளர் பொறுப்பு என் தலையில். படியில் எதிரே வந்த அக்கா, "தொட்டி ரொம்பிடுச்சா?" என்றார். ரொம்பிவிட்டது என்றேன். பார்த்தாயா, நினைத்தாயா என்று கேட்டார். வாட்ச்மேன் சொன்னார் என்றேன். அக்கா கீழே இறங்கிப்போய் இரும்பு மூடியைத் தூக்கி டார்ச் அடித்தார். பாதித் தொட்டிதான் நிறைந்திருந்தது. லாரிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டு எப்போதோ மேடவாக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. நான் பிழைப்பதே ஒரு ஐ.டி. கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும் வேலையில்தான். பார்க்காமல் சொல்லக் கூடாது என்று எனக்கே ஒருவர் பாடம் எடுப்பதா?

அப்புறம் அது தினப்படி ஆகிவிட்டது. கேஸை மூடிவிட்டேன் என்றால் பாத்தியா, நெனச்சியா. மொட்டை மாடிக் கதவு பூட்டியாயிற்று என்றால் பாத்தியா, நெனச்சியா. சரியான சந்தேகப் பிராணி என்று என் கணவன் முரளியிடம் திட்டித் தீர்ப்பேன். முரளி சிரிப்பான். அவனுக்கு அக்காவைப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே சைக்கிள் குழுவில் போய்வருவார்கள். நானும் சில நாள் தொற்றிக்கொள்வேன்.

அந்தக் குழுவில் அக்காவுக்குப் பின்னால் யாரும் ஓட்ட முடியாது. நம்மை முன்னால் அனுப்பிவிட்டு அவர் கடைசியில் வருவார். டீக்கடையில் நிறுத்தினால் ஒவ்வொருவர் ஹெல்மெட்டாகத் தட்டி எண்ணுவார். கிளம்பும்போதும் அதே தட்டு. ஒருமுறை எரிச்சலில், "அக்கா, நாங்கெல்லாம் எல்.கே.ஜி. பசங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அதற்குக் கோபப்படாமல் ஒரு கதை சொன்னார். மின்சார ரயிலுக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் சரக்கு ரயிலில் இருந்தாராம். ஐம்பது வேகனுக்கு முன்னால் இன்ஜின், ஐம்பது வேகனுக்குப் பின்னால் இவர் தனியாக. நடுவில் பொட்டல் காடு.

"முன்னாடி இருக்கறவர் ஓட்டிக்கினு போயிடுவார்மா. முழுசா வந்துச்சா, பாதி கழண்டுக்கினு பின்னாடி நிக்குதான்னு அவருக்கு இன்னா தெரியும்? அதுக்குதான் கடைசி வண்டியில ஒரு மஞ்சப் பலகை மாட்டறது. எல்.வி.ன்னு எழுதியிருக்கும். லாஸ்ட் வெஹிக்கிள். ஸ்டேஷன்ல இருக்கறவர் அந்தப் பலகையைக் கண்ணால பாத்தாத்தான் வண்டி முழுசா வந்துச்சுன்னு எழுதுவார். எல்லாம் வந்திருக்கும்னு நெனச்சி எழுதக் கூடாது. பாத்து எழுதணும்."

அந்தப் பலகையின் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. தன் சைக்கிளின் பின்னாலும் ஒன்று மாட்டியிருந்தார். ரயில்வே பலகை இல்லை, அந்த விஷயத்தில் அவர் ரொம்பச் சுத்தம். ப்ளைவுட் துண்டுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, கறுப்பில் இரண்டு எழுத்தை அவரே எழுதியது. அந்தப் பலகை டீக்கடைக்கு வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டோம் என்று அர்த்தம். கேம்ப் ரோட்டில் ஆட்டோக்காரர்கள் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போவார்கள்.

சைக்கிள் போட்டி யோசனை அக்காவுடையது இல்லை. குழுவில் இருந்த ஒரு பையன் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது கலந்துகொண்டிருக்கிறான். ஓட்டப்பந்தயம் மாதிரி ஒரே பாதையில் ஓட்டுவதில்லை. குன்றும் காடுமாக உள்ள இடத்தில் பன்னிரண்டு புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கொடி. கையில் ஒரு வரைபடம், அவ்வளவுதான். எந்தப் புள்ளிக்கு முதலில் போவது, எந்த வழியாகப் போவது என்பதெல்லாம் அவரவர் இஷ்டம். மூன்று மணி நேரத்தில் யார் அதிகப் புள்ளிகளைத் தொட்டுவிட்டு வருகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். பையன் எல்லோரையும் உசுப்பேற்றிவிட்டு, ஆன்சைட் வாய்ப்பு வந்தது என்று மறுபடியும் விமானம் ஏறிவிட்டான். வேலை அக்கா தலையிலும் என் தலையிலும் விடிந்தது. அக்காவோடு சேர்ந்து ஒரு காரியத்தை நடத்துவதற்கு, நெருஞ்சி முள் மேல் வெறுங்காலோடு நடக்கலாம்.

இடம் வண்டலூரைத் தாண்டித் தெற்கே, பாறைக் குன்றுகள் வரிசையாக இருக்கும் பக்கம். முட்புதர், ஒற்றையடிப் பாதைகள், ஒரு வறண்ட ஏரி, எப்போதோ கைவிட்ட ஒரு கல்குவாரி. குவாரிப் பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் நிற்கும். ஊராட்சியில் அனுமதி வாங்கி, எட்டு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குன்றுகளில் ஏறி இறங்கினோம். வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு பாதையிலும் அக்கா சைக்கிளை உருட்டிப் பார்த்தார். இது பழைய பாதைதான் அக்கா, அப்படியேதான் இருக்கும் என்றால், பழைய கேள்வியே வரும். ஒரு பாதையின் குறுக்கே யாரோ புதிதாக வேலி போட்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த அன்று அக்கா முகத்தில் ஒரு பெருமை, எனக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது.

கொடிகள் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் திரைச்சீலைத் துணியில் தைத்தவை. புள்ளிக்கு வந்ததற்கு அத்தாட்சியாக, கொடியோடு ஒரு சின்னத் துளைக் கருவியும் தொங்கும். அதில் அட்டையைக் கொடுத்து அழுத்தினால் ஓட்டை விழும். இதற்கு சைக்கிள் கடை பாய் ஒரு வழி சொன்னார். எங்கள் எல்லோருடைய சைக்கிளையும் பழுது பார்ப்பவர் அவர்தான். தாம்பரம் மார்க்கெட்டில் பிள்ளைகளின் கைவேலைச் சாமான் விற்கும் கடையில் விதவிதமான ஓட்டை போடும் கருவிகள் இருக்கின்றன என்று அவரே போய் வாங்கிவந்தார். ஒன்றாம் புள்ளிக்கு நட்சத்திரம், இரண்டுக்கு இலை, மூன்றுக்குப் பூ. குவாரி மேட்டில் இருந்த ஏழாம் புள்ளிக்கு மீன்.

முப்பத்து நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். முரளியும் கொடுத்திருக்கிறான் என்பது எனக்குப் போட்டியன்று காலையில்தான் தெரிந்தது. தெரிந்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நீயா? மேப் பாத்தா?" என்றேன். "போன்ல அந்தப் பொண்ணு வலது பக்கம் திரும்பவும்னு சொன்னாத்தான் நீ நம்ம தெருவுக்கே வருவ."

"இன்னிக்குப் பாரு."

"தொலைஞ்சு போனா நான் தேடிக்கிட்டு வரமாட்டேன். சொல்லிட்டேன்."

முரளி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். போனில் வழி பார்க்கக் கூடாது என்பதால் எல்லோருடைய போனையும் பாய் ஒரு துணிப் பையில் வாங்கிப் போட்டுக்கொண்டார். பதிலுக்கு ஆளுக்கொரு விசில். ஆபத்தென்றால் ஊத வேண்டும். ஏழு மணிக்குப் போட்டி தொடங்கியது. முப்பத்து நான்கு சைக்கிளும் முப்பத்து நான்கு திசையில் சிதறியது அழகாகத்தான் இருந்தது.

அக்காவுக்கு அன்று இரண்டு மணிக்கு டியூட்டி. அதனால் ஒன்பதரைக்கே கிளம்பி, தூரத்துப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு கொடியாக அவிழ்த்துக்கொண்டு வருவது என்று முடிவு செய்திருந்தார். பத்து மணிக்குள் திரும்ப வேண்டியவர்கள், ஒன்பதரைக்குத் தூரத்தில் யார் இருக்கப் போகிறார்கள்? அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. எனக்கும் பாய்க்கும் அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

பத்து மணிக்கு எல்லோரும் மொத்தமாக வந்து விழுந்தார்கள். மேஜை மேல் அட்டைகள் குவிந்தன. அதே நேரம் பொங்கலும் வடையும் வந்து இறங்கின. நீ எத்தனை புள்ளி, நான் எத்தனை புள்ளி என்று ஒரே கூச்சல். முரளியை நான் பார்க்கவில்லை. தோற்றுப்போன முகத்தை எனக்குக் காட்டப் பிடிக்காமல் வடை வரிசையில் ஒளிந்திருப்பான் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் மிச்சமிருந்தது. போய்த் தேடவில்லை.

பத்தே முக்காலுக்கு மஞ்சள் பலகை வந்தது. பலகைக்கு முன்னால் வியர்த்து வழிந்தபடி அக்கா. தோளில் பன்னிரண்டு கொடிகளும் கருவிகளும் நிறைந்த பை.

"முப்பத்தி நாலும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுக்கா."

அவ்வளவுதான். அக்கா தலையாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. அத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் கேட்கவில்லை. அவருடைய பலகைதான் வந்துவிட்டதே. நானும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எல்லாப் பெயர்களுக்கும் நேரே டிக் அடித்திருந்தேன்.

பரிசு கொடுத்து முடித்தோம். பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். பாய் ஷாமியானாக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நாற்காலியில் கிடந்த துணிப் பை ஒலித்தது. உள்ளே ஒரே ஒரு போன். நீல உறை. திரையில் 'அம்மா' என்று மின்னியது. என் மாமியார். மணி பதினொன்றரை.

அட்டைகளை எண்ணினேன். முப்பத்து மூன்று. மறுபடியும் எண்ணினேன். அதே முப்பத்து மூன்று.

தொலைஞ்சு போனா தேடிக்கிட்டு வரமாட்டேன் என்று சொன்ன வாய் உலர்ந்துபோனது. அக்கா பக்கத்தில் வந்து நின்று பையைப் பார்த்தார், அட்டைகளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"பாத்தியா, நெனச்சியா?"

"நெனச்சேன்கா."

"நானும்தான்" என்றார் அக்கா.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சைக்கிளை எடுக்கப் பாய்ந்தார்கள். அக்கா போட்ட சத்தத்தில் அப்படியே நின்றார்கள்.

"இன்னாத்துக்கு ஓடறீங்க? ஒருத்தரும் அசையக் கூடாது! அப்புறம் தேடப் போனவனையும் தேடணும்." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தப்பு என்னுது. ரயிலுன்னா ஒரே தண்டவாளம். பின்னாடி வர்றவ வந்துட்டா முன்னாடி போனது எல்லாம் வந்தாச்சு. இங்க ஏது தண்டவாளம்? நான் ஒரு பக்கமா வந்திருக்கேன், அவர் இன்னொரு பக்கமா போயிருக்கார். பலகையை மாட்டிக்கினா போதும்னு இருந்துட்டேன்."

"யானைக்கும் அடி சறுக்கும் மேடம், விடுங்க" என்றார் பாய்.

"சறுக்கினது யானை, மாட்டிக்கினது அவர் இல்ல பாய்?" அக்கா வரைபடத்தை மேஜையில் விரித்து என் பக்கம் திரும்பினார். "சொல்லு. முரளி சார் எப்படிப்பட்டவர்?"

"வழியே தெரியாதுக்கா அவனுக்கு."

"அதை விடு. ஒண்ணு கெடைக்கலைன்னா விட்டுட்டு வந்துடுவாரா?"

"மாட்டான். வண்டிச் சாவியக் காணலைன்னா, அது கெடைக்கிற வரைக்கும் சோறுகூட சாப்பிட மாட்டான்."

அக்கா வரைபடத்தின் கோடியில் விரலை வைத்தார். "அப்ப நான் எடுத்துக்கினு வந்த கொடியைத்தான் தேடிக்கிட்டு நிக்கறார். மொதல்ல எடுத்தது இது. ஏழு."

ஏழு குவாரி மேடு. பச்சைத் தண்ணீர்ப் பள்ளத்துக்குப் பக்கம்.

மற்றவர்களை இரண்டிரண்டு பேராக வேறு புள்ளிகளுக்கு அனுப்பிவிட்டு, நானும் அக்காவும் குவாரிக்குக் கிளம்பினோம். பாய் தன் சைக்கிளை எனக்குக் கொடுத்தார். அந்தப் பாதையில் எப்படி ஓட்டினேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. கருவேல முள் கையைக் கிழித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிந்தது. வழியெல்லாம் அக்கா விசிலை ஊதிக்கொண்டே வந்தார். பதில் இல்லை. அக்கா எனக்கு முன்னால் ஓட்டியதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஆனாலும் பத்துப் பெடலுக்கு ஒருமுறை திரும்பி நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டார்.

குவாரி விளிம்பில் முரளியின் சைக்கிள் நின்றது. கைப்பிடியில் ஹெல்மெட் தொங்கியது. இரண்டடி தள்ளிப் பள்ளம். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

முரளி என்று கத்தினேனாம். அக்கா பிற்பாடு சொல்லித்தான் தெரியும். அக்கா விளிம்புக்குப் போய்க் குப்புறப் படுத்து, பள்ளத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகப் பார்த்தார். சாவிக் கொத்தைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அப்போது பின்னாலிருந்த புதர் பேசியது.

"என்ன, ரெண்டு பேரும் இங்க? போட்டி முடிஞ்சிடுச்சா?"

சட்டை முழுக்க முள், தலையில் காய்ந்த இலை, கையில் வரைபடம், அட்டை. முரளிதான்.

ஓடிப்போய் அவனை அடித்தேன். உண்மையாகவே அடித்தேன், முதுகில் இரண்டு. அப்புறம் அந்த முள் சட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"விசில் ஊதினமே, கேக்கலையா?" என்றார் அக்கா.

"கேட்டுதே. யாருக்கோ ஆபத்துன்னு நெனச்சேன். எனக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே, நான் எதுக்கு ஊதணும்? மணி பத்து ஆகுமா?"

போன் இல்லாமல் அவனுக்கு மணியும் தெரியாது. பன்னிரண்டு அடிக்கப் போகிறது என்றதும் ஆடிப்போய்விட்டான். ஆனால் அவனுடைய கவலை வேறு. வரைபடத்தை அக்காவிடம் நீட்டினான்.

"மேப்புல தப்பு இருக்குக்கா. ஏழாம் புள்ளி இங்கதான்னு போட்டிருக்கு. இங்க கொடியே இல்ல. நான்தான் தப்பா வந்துட்டேனோன்னு மூணு தரம் பாதை பிரியற இடத்துக்குப் போயி, வேற வேற வழியா வந்து பாத்துட்டேன். மூணு தரமும் இங்கயேதான் வருது. புதர் பூரா தேடிட்டேன்."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த வேப்பங்கன்றில்தான் ஏழாம் கொடியைக் கட்டியிருந்தோம். எங்கள் தெருவுக்கே வழி தெரியாதவன் மூன்று தடவை, மூன்று வழியில், மிகச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான்.

"நீங்க சரியாத்தான் வந்திருக்கீங்க சார்" என்றார் அக்கா. "நான்தான் கொடியை முன்னாடியே அவுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

பிறகு ஒன்று செய்தார். இரண்டு மணி டியூட்டி இருக்கிறது, தாம்பரம் போய்ச் சேர வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் நிதானமாகத் தோள்பையைத் திறந்து ஏழாம் கொடியைத் தேடி எடுத்து, பழைய வேப்பங்கன்றிலேயே கட்டினார். மீன் கருவியையும் தொங்கவிட்டார்.

"இப்ப குத்துங்க."

முரளி ஒரு நிமிஷம் தயங்கினான். அப்புறம் அட்டையைக் கொடுத்து அழுத்தினான். டக் என்று ஒரு மீன் விழுந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அக்கா தன் சைக்கிளிலிருந்த மஞ்சள் பலகையைக் கழற்றி முரளியின் சைக்கிளில் கட்டினார். "கடைசி வண்டி நீங்கதான். இது வந்தாத்தான் முழுசா வந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு எங்களை முன்னால் அனுப்பினார். பலகை அவன் பின்னால் ஆட, திரும்பி வந்தோம். காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். பாய் அவனுக்கென்று இரண்டு வடை எடுத்து வைத்திருந்தார். மாமியாருக்கு நான்தான் போன் செய்தேன். முரளி பக்கத்தில்தான் இருக்கிறான், சாப்பிடுகிறான் என்றேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

இரண்டு மணி டியூட்டிக்கு அக்கா ஒன்றே முக்காலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாராம். அவர் சொன்னதுதான், நான் பார்க்கவில்லை.

அடுத்த வருஷமும் போட்டி நடத்தினோம். புது விதி ஒன்றே ஒன்று. போன் பை காலியாகும் வரை ஒரு கொடியையும் அவிழ்க்கக் கூடாது. பையைத் தலைகீழாக உதறிக் காட்டிய பிறகுதான் அக்கா கிளம்பினார். உதறியது நான். அந்த வருஷக் கடைசியில் அவருக்கு ஈரோட்டுப் பக்கம் மாற்றல் வந்தது. அவர் இருந்த மேல்வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது. தொட்டி ரொம்பியதா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. நானே போய் மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுகிறேன்.

போன மாதம் அக்கா போன் செய்தார். பேரக் குழந்தை, வெயில், மூட்டுவலி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "ஆமா, என் பலகையை நான் திருப்பி வாங்கவே இல்லயே. இருக்குதா?" என்றார்.

"முரளி சைக்கிள்லயே இருக்குக்கா."

என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள், "இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு மாடி இறங்கினேன். வண்டி நிறுத்துமிடத்தில் முரளி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். பலகையில் பெயிண்ட் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

"இருக்குக்கா" என்றேன். "ரெண்டும் இருக்கு."